நோயாளிக் குறிப்பில் அடங்காத பெர்த்தா பாப்பன்ஹைம்

உளவியல் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தவர்களுக்கும் 'அன்னா ஓ.' என்ற பெயர் தெரிந்திருக்கும். யோசெஃப் ப்ராயரும் சிக்மண்ட் ஃப்ராய்டும் சேர்ந்து 1895ல் வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வு நூலில் முதலில் வரும் நோயாளி அவர். மனதில் கிடப்பதைப் பேசவைத்தே நோயைத் தீர்க்கலாம் என்ற எண்ணம் அவர் கதையிலிருந்துதான் கிளம்பியது. அந்தப் புத்தகம் அச்சாகிவந்த அதே ஆண்டில், அந்த 'நோயாளி' ஃப்ராங்ஃபர்ட் நகரில் யூதப் பெண் குழந்தைகளுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றிருந்தார். அவருடைய நிஜப்பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். அதற்குள் இரண்டு கதைப் புத்தகங்களும் எழுதி வெளியிட்டிருந்தார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் நாடகம், சிறுகதை, பயணக் கடிதம், மொழிபெயர்ப்பு என்று எழுதிக் குவித்தார். ஜெர்மனியின் மிகப் பெரிய யூதப் பெண்கள் அமைப்பைக் கட்டி, இருபது ஆண்டுகள் அதற்குத் தலைமை வகித்தார்.

இந்த இரண்டாவது வாழ்க்கையை 'நோயிலிருந்து மீண்டு சமூக சேவை செய்தார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அவர் செய்தது சேவை மட்டுமல்ல என்பதே என் எண்ணம். அன்றைய யூத சமூகத்தில் பெண்களுக்குத் திறந்திருந்த ஒரே பொதுக்கதவு தானதர்மம். அந்தக் கதவு வழியாக உள்ளே போய், அங்கே உட்கார்ந்து அதிகாரத்தில் பங்கு கேட்டவர் அவர்.

பெர்த்தா 1859 பிப்ரவரி 27ல் வியன்னாவில் பிறந்தார். அப்பா சிக்மண்ட் தானிய வியாபாரி; ஆசாரமான யூதர். அம்மா ரேகா, ஃப்ராங்ஃபர்ட்டின் கோல்ட்ஷ்மிட் குடும்பத்துப் பெண். வசதிக்குக் குறைவில்லை. ஒரு அக்கா இவர் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். இன்னொரு அக்கா இவருடைய எட்டாவது வயதில் காசநோயில் போய்ச்சேர்ந்தார். பெர்த்தா கத்தோலிக்கப் பள்ளியில் படித்தார், பதினாறு வயதோடு படிப்பு நின்றது. அதன்பிறகு பியானோ, குதிரைச் சவாரி, பின்னல் வேலை, கல்யாணத்துக்குக் காத்திருப்பது. அவரைவிட ஒன்றரை வயது சின்னவனான தம்பி வில்ஹெல்ம் உயர்நிலைப் பள்ளிக்கும் அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கும் போய்ச் சட்டம் படித்தான். ஆண் பிள்ளை பிறந்தால் கொண்டாட்டம், பெண் பிறந்தால் 'வெறும் ஒரு பெண்' என்ற அலட்சியம். ஆசார வீடுகளில் நிலவிய இந்த மனநிலையைப் பிற்காலத்தில் அவர் பலமுறை எழுதிக் குத்திக்காட்டினார்.

1880 கோடையில் அப்பா படுக்கையில் விழுந்தார். இரவுக் காவல் பெர்த்தாவுடையது. சில மாதங்களில் அவரே படுத்தார். கை கால் மரத்துப்போனது, பார்வை மங்கியது, தாய்மொழியான ஜெர்மன் நழுவி ஆங்கிலம் மட்டும் வாயில் வந்தது. குடும்ப வைத்தியரான ப்ராயர் தினமும் வந்து உட்கார்ந்து கேட்பார். தண்ணீர்க் கதை பிரசித்தம்: வெயில் கொளுத்திய நாட்களில் அவரால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை. ஏறக்குறைய ஆறு வாரம் முலாம்பழம் மாதிரியான பழங்களை வைத்துத் தாக்குப்பிடித்தார். ஒருநாள் வசிய நிலையில், வீட்டிலிருந்த ஆங்கிலேயத் தோழியின் நாய் டம்ளரில் வாய்வைத்துக் குடித்ததைப் பார்த்து அருவருத்ததைக் கோபத்தோடு கொட்டித் தீர்த்தார். உடனே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார் என்று ப்ராயர் எழுதுகிறார். 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்தவரும் நோயாளியேதான். விளையாட்டாக 'புகைபோக்கி சுத்தம் செய்வது' என்றும் சொல்வாராம்.

புத்தகத்தின்படி 1882 ஜூனில் அவர் குணமாகிவிட்டார். நடந்தது வேறு. அடுத்த மாதமே சுவிட்சர்லாந்தின் க்ராய்ட்ஸ்லிங்கனில் உள்ள பெல்வ்யூ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிகிச்சையின்போது பழகிப்போன மார்ஃபினிலிருந்து விடுபட வேண்டியிருந்தது. 1883க்கும் 1887க்கும் இடையில் வியன்னாவை ஒட்டிய இன்ட்செர்ஸ்டார்ஃப் மருத்துவமனைக்குப் பலமுறை போய் வந்தார். 1970களில் வரலாற்றாய்வாளர் ஹென்றி எல்லன்பெர்கர் பெல்வ்யூவின் பழைய பதிவேடுகளைத் தோண்டி எடுத்த பிறகே இது வெளியே தெரிந்தது. ப்ராயர் பயந்து ஓடிப்போய், மனைவியோடு வெனிஸில் இரண்டாம் தேனிலவு கொண்டாடினார், அதன் விளைவாக ஒரு மகள் பிறந்தாள் என்று ஒரு கதை உண்டு. அந்த மகள் பிறந்தது 1882 மார்ச்சில், அதாவது சிகிச்சை முடிவதற்கு மூன்று மாதம் முன்பு. இன்னமும் அந்தக் கதையைத் திருப்பிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

1888ல் அம்மாவும் மகளும் ஃப்ராங்ஃபர்ட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த ஆண்டே குழந்தைகளுக்கான ஒரு சின்னக் கதைத்தொகுதி பெயரில்லாமல் வந்தது. 1890ல் அடுத்த புத்தகத்தில் ஆசிரியர் பெயர் இருந்தது, ஆனால் அது பால் பெர்த்தோல்ட் என்ற ஆண் பெயர். தன் பெயரின் ஒரு துண்டை எடுத்து ஆணுக்குரிய குடும்பப் பெயராக மாற்றிக்கொண்டிருந்தார். பெண் எழுதினால் பொழுதுபோக்கு, ஆண் எழுதினால் கருத்து என்றிருந்த காலம் அது. 1899ல் அதே பெயரில், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் பெண்ணிய எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் பெண் உரிமை நூலை ஜெர்மனில் கொண்டுவந்தார். கூடவே 'பெண்ணுரிமைகள்' என்ற நாடகமும் வந்தது. வறுமையில் சாகக் கிடக்கும் ஒரு தொழிலாளிப் பெண்ணுக்கு உதவ நினைக்கிறாள் வக்கீலின் மனைவி. அவள் கொண்டுவந்த பணம்தான், ஆனாலும் எடுக்கக் கணவன் அனுமதி வேண்டும், அவன் மறுக்கிறான். அந்தத் தொழிலாளிப் பெண்ணைக் குழந்தையோடு கைவிட்டவன் அவனேதான் என்பது பிறகு தெரியவருகிறது. நாடகமாகப் பார்த்தால் தற்செயல்கள் கொஞ்சம் அதிகம். ஆனால் சொத்தும் சட்டமும் படுக்கையறையும் ஒரே முடிச்சு என்பதை 1899லேயே இவ்வளவு பச்சையாகச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

அநாதை இல்லத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். பெண் குழந்தைகளை யாராவது கட்டிக்கொண்டு போகும்வரை வைத்திருக்கும் இடமாக இருந்ததை, கைத்தொழில் கற்றுத்தரும் இடமாக மாற்றப் பார்த்தார். ரஷ்யாவிலும் கலீசியாவிலும் இருந்து வறுமைக்கும் கலவரத்துக்கும் தப்பி வந்த யூதக் குடும்பங்கள் அப்போது ஃப்ராங்ஃபர்ட் ரயில் நிலையத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவர்களோடுதான் பெண் கடத்தல் விவகாரமும் அவர் காதுக்கு வந்தது.

1903ல் அவர் நேரில் பார்க்கக் கிளம்பினார். கலீசியா அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் மிக ஏழ்மையான மூலை; இன்று பாதி போலந்திலும் பாதி உக்ரைனிலும் இருக்கிறது. சாரா ரபினோவிச்சும் கூடப் போனார். இருவரும் எழுதிய அறிக்கை மறு ஆண்டு வெளிவந்தது. அதில் கண்ணீர் வசனம் இல்லை, கணக்குப்பிள்ளையின் பொறுமை இருக்கிறது. ஒரு பெண் எப்படி விற்கப்படுகிறாள் என்பதன் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக் காட்டுகிறது.

அந்த இயந்திரம் இப்படி ஓடியது. ஆண் பிள்ளைகள் மூன்று நான்கு வயதில் வேதப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். பெண்ணுக்கு மதக் கல்வியும் கிடையாது, தொழிலும் கிடையாது. வீட்டில் வயிற்றுக்கு வழியில்லை, வரதட்சணைக்குக் காசில்லை. வெளியூரிலிருந்து நன்றாக உடுத்திய ஒருவன் வருகிறான். வரதட்சணை வேண்டாம் என்கிறான். சாட்சிகளை வைத்து மதச் சடங்குப்படி கல்யாணம் நடக்கிறது. அரசுப் பதிவேட்டில் அது ஏறுவதில்லை, எனவே சட்டத்தின் கண்ணில் அவள் யாருக்கும் மனைவி இல்லை. கப்பல் புவனஸ் ஐரிஸுக்கோ கான்ஸ்டான்டினோபிளுக்கோ போகிறது. கரை இறங்கியதும் விபசார விடுதி முதலாளி காத்திருக்கிறான்.

ஒருவேளை தப்பி வந்தாலும் கதை முடியாது. யூத மதச் சட்டப்படி விவாகரத்துச் சீட்டைக் கணவன்தான் தர வேண்டும். அவன் மறைந்துபோனால் அவள் 'அகுனா', கட்டிப்போடப்பட்டவள். கணவன் செத்தான் என்று நிரூபிக்காத வரை மறுமணம் இல்லை. அரசு இந்தக் கல்யாணத்தை ஏற்காது, மதம் அதிலிருந்து விடுவிக்காது. முதல் உலகப்போரில் ஆயிரக்கணக்கான யூதச் சிப்பாய்கள் காணாமல் போனபோது இந்தச் சிக்கல் ஜெர்மனியின் நடுத்தர வீடுகளுக்குள்ளேயும் நுழைந்தது. பெர்த்தாவின் அமைப்பு யூத மதகுருமார்களான ரபிகளுக்கு விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டது. பெரிதாக எதுவும் அசையவில்லை.

கடத்துகிறவர்களிலும் யூதர்கள் இருக்கிறார்கள், கடத்தப்படுகிறவர்களிலும் இருக்கிறார்கள் என்று அவர் வெளிப்படையாகப் பேசினார். 1910ல் லண்டனில் இதற்கென்றே கூடிய யூத மாநாட்டிலும் அதைத்தான் பேசினார். 'வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவராதே, யூத வெறுப்பாளர்களுக்குத் தீனி போடாதே' என்று சமூகத் தலைவர்கள் தடுத்தார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. யூதர்களுக்கு எதிரான பத்திரிகைகள் கடத்தல் கதைகளை உண்மையாகவே பயன்படுத்திக்கொண்டன. ஆனால் மூடி மறைப்பதால் லாபம் யாருக்கு என்பதுதான் பெர்த்தாவின் கேள்வி. தரகனுக்குத்தான் லாபம். சிறுபான்மைச் சமூகங்களுக்குள் பெண்கள் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் இதே வாக்குவாதம் எழுவதைப் பார்க்கிறோம்.

1911, 1912 ஆண்டுகளில் இன்னும் நீண்ட பயணம்: பால்கன் நாடுகள், சலோனிகா, கான்ஸ்டான்டினோபிள், ஜெருசலேம், அலெக்சாண்ட்ரியா, பிறகு போலந்து, ரஷ்யா. விபசார விடுதிகளுக்குள்ளேயே போய்ப் பெண்களோடு பேசினார். வழியிலிருந்து தோழிகளுக்குப் போட்ட கடிதங்கள் 1924ல் 'சிசிபஸ் வேலை', அதாவது முடிவே இல்லாத வேலை, என்ற பெயரில் புத்தகமாயின. என்னைக் கேட்டால் அவருடைய எழுத்தில் இன்றும் உயிரோடு இருப்பது இந்தக் கடிதங்கள்தான். கதைகளில் நீதி துருத்திக்கொண்டிருக்கும். கடிதங்களில் எரிச்சல், கேலி, களைப்பு, அழகான ஒரு பெண் முகத்தைப் பார்த்த வியப்பு எல்லாம் அப்படியே கிடக்கின்றன.

அமைப்பு பிறந்தது 1904ல். சர்வதேசப் பெண்கள் மாமன்றத்தின் மாநாடு பெர்லினில் கூடியிருந்த சமயத்தில் யூதப் பெண்கள் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது, பெர்த்தா தலைவரானார். 1920களில் அதன் உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ 50,000. அன்று ஜெர்மனியில் யூதர்கள் மொத்தமே ஐந்தரை லட்சத்துக்குச் சற்று மேல்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இது எத்தனை பெரிய கூட்டம் என்று புரியும். பெரும்பாலோர் நடுத்தர வர்க்கத்து இல்லத்தரசிகள், கலகக்காரிகள் அல்ல. அவர்களை அழைத்து வந்தது தர்ம காரியம். உள்ளே வந்த பிறகு பெர்த்தா கேட்ட கேள்விகள் வேறு மாதிரியானவை. சமூக நிறுவனங்களுக்கு வரி கட்டுகிறோம், நிதி திரட்டித் தருகிறோம், கஞ்சித் தொட்டி நடத்துகிறோம். அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் நமக்கு ஏன் நாற்காலி இல்லை?

அன்றைய ஜெர்மனியில் யூத சமூக நிர்வாகம் கோயில் கமிட்டி மாதிரி சின்ன விஷயம் அல்ல. வரி வசூல், பள்ளி, மருத்துவமனை, இடுகாடு எல்லாம் அதன் கையில். அங்கே ஓட்டு ஆண்களுக்கு மட்டுமே. 1918 நவம்பரில் ஜெர்மன் குடியரசு பெண்களுக்கு ஓட்டுரிமை அறிவித்தது. 1919 ஜனவரியில் பெண்கள் தேசிய அவைக்கு ஓட்டுப் போட்டார்கள். நாட்டுக்கு ஓட்டுப் போட்ட யூதப் பெண்ணுக்குத் தன் சமூக நிர்வாகத்தில் ஓட்டு இல்லாத வேடிக்கை அதன் பிறகும் நீடித்தது. ஊர் ஊராக வாதாடித்தான் 1920களில் அது உடைந்தது. எல்லா இடத்திலும் உடையவும் இல்லை.

1907ல் அமைப்பின் பிரதிநிதிகள் கூட்டத்தில் அவர் பேசியது பெரும் அமளியைக் கிளப்பியது. யூதச் சட்டத்தின் முன் பெண் ஒரு தனி மனுஷி அல்ல, அவளை உடலாக மட்டுமே எடைபோடுகிறார்கள் என்றார். ரபிகள் கொதித்தார்கள். இதைச் சொன்னவர் கடவுள் மறுப்பாளர் இல்லை. சபாத் என்ற வார ஓய்வுநாளை அனுசரித்தவர், பிரார்த்தனைகளைத் தானே எழுதியவர். மதத்தை விட்டு வெளியே போய்ப் பேசியிருந்தால் அவரை ஒதுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். உள்ளே இருந்தபடி பேசியதுதான் சங்கடம். பொதுவான ஜெர்மன் பெண்கள் இயக்கத்திலும் அவர் கால் ஊன்றினார்; அந்த இயக்கத்தின் கூட்டமைப்பு நிர்வாகக் குழுவில் 1914லிருந்து 1924 வரை இருந்தார். சிதறிக் கிடந்த யூத அறநிறுவனங்களை ஒரே குடையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று காரசாரமாக ஒரு கட்டுரை எழுதினார். 1917ல் மத்திய நல அமைப்பு உருவானது.

ஆனால் அவருக்கே நெருக்கமானது நாய்-ஈசன்புர்க் இல்லம். 1907 நவம்பரில் திறக்கப்பட்டது. கல்யாணமாகாமல் தாயானவர்கள், அவர்களுடைய குழந்தைகள், தரகர் கையிலிருந்து மீட்கப்பட்ட பெண்கள் அங்கே தங்கினார்கள். ஃப்ராங்ஃபர்ட்டிலேயே வைக்காமல் பக்கத்து ஊருக்குப் போனதற்குக் காரணம் இருக்கிறது. ஃப்ராங்ஃபர்ட் அன்று பிரஷ்யாவைச் சேர்ந்திருந்தது. நாடற்றவர்கள்மீது அங்கே கெடுபிடி அதிகம். சில கிலோமீட்டர் தள்ளி ஹெஸ்ஸன் எல்லைக்குள் போய்விட்டால் சட்டம் கொஞ்சம் தளர்வு. கலீசியாவிலிருந்து காகிதமில்லாமல் வந்த பெண்ணுக்கு அந்தச் சில கிலோமீட்டர்தான் பாதுகாப்பு.

இல்லத்தில் உணவும் பண்டிகையும் முறைப்படி. வசதிகள் மட்டும் வேண்டுமென்றே குறைவு: இங்கே சொகுசுக்குப் பழகிவிட்டால் வெளியே போய் எப்படிப் பிழைப்பார்கள் என்பது அவர் வாதம். கறார்ப் பேர்வழி. தோட்டத்தில் ஒரு நீரூற்றுச் சிற்பம் இருந்தது, விரட்டப்பட்ட ஒரு நாரையின் உருவம். அவரே எழுதிய கதையை வைத்துச் செய்தது. தவறான உறவில் பிறந்த குழந்தைகளுக்கு இல்லம் கட்டுவது ஒழுக்கக்கேட்டை வளர்ப்பது ஆகாதா என்று சில ஆசாரவாதிகள் நன்கொடை தர மறுத்தார்கள். குழந்தையின் தகப்பன்மார்களைப் பற்றி அவர்கள் கேள்வி எழுப்பியதாகத் தெரியவில்லை.

இவற்றுக்கு நடுவே மொழிபெயர்ப்பையும் விடவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஹாம்பர்க்கில் வாழ்ந்து, பதினான்கு பிள்ளை பெற்று, விதவையான பிறகு வியாபாரத்தையும் தானே நடத்திய க்ளூக்கல் என்ற பெண், ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இட்டிஷில் எழுதிய நினைவுக் குறிப்புகளை 1910ல் ஜெர்மனில் கொடுத்தார். க்ளூக்கல் அவருக்குத் தூரத்து மூதாதை உறவு. அந்தக் காலத்து உடையும் தலையணியும் போட்டுக்கொண்டு க்ளூக்கலாகவே உட்கார்ந்து ஓவியமும் வரையச் சொன்னார். பிறகு பெண்கள் வீட்டில் வாசித்த பழைய இட்டிஷ் கதைத்தொகுதியையும், 'பெண்களின் பைபிள்' எனப்பட்ட நூலின் முதல் பகுதியையும் மொழிபெயர்த்தார். எபிரேயம் கற்றுத்தரப்படாத பெண்களுக்கென்று எழுந்த இலக்கியம் அது. அறிஞர்கள் மதிக்காமல் ஒதுக்கியது. நமக்கும் ஒரு பரம்பரை உண்டு என்று காட்டுவதும் அவருக்கு அரசியல்தான்.

அவர் தவறிய இடத்தையும் சொல்ல வேண்டும். யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தனி நாடு கோரிய சியோனிசத்தை அவர் நெடுங்காலம் எதிர்த்தார். தன்னை ஜெர்மன்காரியாகவும் யூதராகவும் ஒருசேர நினைத்தவர். 1933ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகும், பெற்றோரிடமிருந்து பிரித்துக் குழந்தைகளைப் பாலஸ்தீனத்துக்கு அனுப்பும் திட்டத்தை வன்மையாகக் கண்டித்தார். குடும்பங்களை உடைக்கக் கூடாது என்பது அநாதைகளோடு வாழ்ந்தவரின் அனுபவம். அடுத்து வரப்போவதை அந்த அனுபவத்தால் எடைபோட முடியவில்லை. இருந்தும் 1934ல் சில குழந்தைகளைத் தானே கூட்டிப்போய் ஸ்காட்லாந்தின் க்ளாஸ்கோவில் விட்டுவந்தார். 1935ல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்கள் வந்த பிறகு எதிர்ப்பைத் தளர்த்திக்கொண்டார்.

1936 ஏப்ரலில், புற்றுநோய் முற்றிய நிலையில், ஆஃபன்பாக் ஊரிலிருந்த நாஜி ரகசியப் போலீஸின் (கெஸ்டபோ) அலுவலகம் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டது. இல்லத்திலிருந்த மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண் ஹிட்லரைப் பற்றி ஏதோ ஏளனமாகச் சொல்லிவிட்டாள் என்று புகார். எழுபத்தேழு வயதில் போய்ப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினார். மே 28ல் இறந்தார். யூதர்களுக்கு எதிரான 1938 நவம்பர் கலவரத்தில் இல்லத்தின் முக்கியக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். கூட்டமைப்பும் அப்போதே கலைக்கப்பட்டது. 1942 மார்ச்சில் இல்லம் மூடப்பட்டு, மிச்சமிருந்தவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். அவருடைய நெருங்கிய சகாவும் கூட்டமைப்பின் செயலாளருமான ஹானா கார்மின்ஸ்கி அந்த ஆண்டு டிசம்பரில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார், உயிரோடு திரும்பவில்லை.

'அன்னா ஓ.' யாரென்று உலகுக்குச் சொன்னது எர்னஸ்ட் ஜோன்ஸ் எழுதிய ஃப்ராய்ட் வாழ்க்கை வரலாறு, 1953ல். பெர்த்தாவின் நண்பர்கள் கொதித்துப்போனார்கள். உயிரோடு இருந்தவரை தன் வியன்னா நோயைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. தன் பொறுப்பிலிருந்த யாருக்கும் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை தரவும் சம்மதித்ததில்லை. மறு ஆண்டு மேற்கு ஜெர்மனி, மனிதகுலத்துக்கு உதவியவர்கள் வரிசையில், அவர் முகத்தோடும் சொந்தப் பெயரோடும் அஞ்சல்தலை வெளியிட்டது.

தன்னைப் பற்றி அடுத்தவர்கள் என்ன எழுதுவார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே, ஐந்து யூதப் பத்திரிகைகள் தனக்கு எழுதக்கூடிய இரங்கல் குறிப்புகளை அந்தந்தப் பத்திரிகையின் தோரணையிலேயே கேலியாக எழுதி வைத்திருந்தார். ஆசாரப் பத்திரிகை, நல்ல குலத்தில் பிறந்தவள் பெண்ணியப் புரட்சியில் கெட்டுப்போனாள் என்று நொந்துகொள்கிறது. சியோனிசப் பத்திரிகை, நம் பழைய எதிரி, ஆனாலும் யூத உணர்வும் வலுவும் உள்ளவள் என்று இழுக்கிறது. ஒவ்வொரு குறிப்பும் 'வருத்தம்தான்!' என்றே முடிகிறது. தன் சொந்தக் கூட்டமைப்பின் இதழுக்கு எழுதியதில், 1904ல் இவர் தொடங்கிய அமைப்பின் முக்கியத்துவம் இன்னும் முழுதாக உணரப்படவில்லை, உலக யூதர்கள் ஆண்களும் பெண்களுமாக அதற்கு நன்றி சொல்லலாம், ஆனால் சொல்வதில்லை என்று போட்டிருக்கிறார். அதற்கும் அதே முடிவுதான்: வருத்தம்தான்!